எதற்கு முன், எத்தனை நாள் முன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்திகளிலும் அறிவிப்புகளிலும் ‘முன்’, ‘பின்’ என்ற இரண்டு சொற்கள் படும் பாட்டைப் பற்றியது இந்தக் கடிதம். மெய்ப்புத் திருத்தம் என்றால் ல, ள, ழ பார்ப்பது, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பது என்பதோடு நின்றுவிடுகிறோம். எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது, கெடு எந்த நாளோடு முடிகிறது என்று காட்டும் சொற்களில் வரும் குழப்பம் அதைவிடப் பெரியது. எழுத்து தப்பினால் வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார். ‘15ஆம் தேதிக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்’ என்று அச்சாகியிருந்தால் அவர் எதை வைத்துத் திருத்துவார்?

கெடுவிலிருந்தே தொடங்குகிறேன். ‘15ஆம் தேதிக்கு முன்’ என்றால் சொல்லின் நேர்ப்பொருளில் 14ஆம் தேதியோடு கதவு அடைத்தாயிற்று. ‘15ஆம் தேதி வரை’ என்றால் 15ஆம் தேதியும் சேர்த்தி. ‘15ஆம் தேதிக்குள்’ என்பது இடையில் நிற்கிறது. பெரும்பாலோர் 15ஐயும் சேர்த்தே படிக்கிறார்கள்; சிலர் 14 இரவோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூல அறிவிக்கையில் ‘கடைசி நாள் 15’ என்று தெளிவாக இருந்தும், செய்தியாகும்போது இந்த மூன்றில் கைக்கு வந்த ஒன்று போடப்படுகிறது. ‘கடைசி நாள் 15, அன்று மாலை 5 மணி வரை’ என்று நாளையும் மணியையும் எழுதிவிட்டால் ‘முன்’னும் வேண்டாம், ‘உள்’ளும் வேண்டாம். தபாலில் அனுப்பும் விண்ணப்பம் என்றால் இன்னொரு சொல்லும் தேவை. ‘15ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும்’ என்பது வேறு, ‘15ஆம் தேதிக்குள் வந்து சேர வேண்டும்’ என்பது வேறு. முதலாவதை நம்பி 15ஆம் தேதி தபாலில் போட்டவரின் விண்ணப்பம், இரண்டாவதைக் கேட்கும் அலுவலகத்தில் பிரிக்கப்படாமலே திரும்பிவிடும்.

அடுத்து, நாள் எண்ணும் முறை. ‘60 நாட்களுக்கு முன்’ என்றால் எந்த நாளை 1 என்று வைப்பது? ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் என்பதுதான் விதி. ஜனவரி 14 போகிக்கு ஊர் போகிறவர் 13ஐ 1 என்று வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஜனவரியில் 13 நாள், டிசம்பரில் 31 நாள், ஆக 44. மீதி 16 நாளை நவம்பர் 30இலிருந்து இறக்கினால் நவம்பர் 15 வருகிறது. பயண நாளையும் சேர்த்து எண்ணியவருக்கு நவம்பர் 16 வரும். பொங்கல் நேரத்தில் அந்த ஒரு நாள் தாமதம் என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பண்டிகைக்கு முன்பதிவு பற்றிச் செய்தி எழுதும்போது ‘60 நாட்களுக்கு முன் தொடங்கும்’ என்று விட்டுவிடாமல், ‘ஜனவரி 14 பயணத்துக்கு நவம்பர் 15 காலை 8 மணிக்கு’ என்று கணக்கை முடித்துத் தருவதுதான் உதவி. தட்கலுக்கும் இதே கதைதான்: ‘ஒரு நாள் முன்’ என்பது நாம் ஏறும் நாளை வைத்து அல்ல, வண்டி தன் தொடக்க நிலையத்தில் கிளம்பும் நாளை வைத்து. டெல்லியில் திங்கள் இரவு கிளம்பும் வண்டியில் செவ்வாய் பகலில் நாக்பூரில் ஏறுகிறவருக்கு தட்கல் திறப்பது ஞாயிறு காலை; ஏசிக்கு 10 மணி, ஏசி இல்லாத பெட்டிக்கு 11 மணி. திங்கள் காலை போய் நின்றால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

சட்டக் கெடுவிலும் முதல் நாள் விலகும். மத்திய அரசின் 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கு வழிகாட்டுகிறது. ஒரு நாளிலிருந்து என்று கணக்கிட்டால் அந்த நாள் சேராது. ஒரு நாள் வரை என்றால் அந்த நாள் சேரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள். பதில் ஜூன் 1 அன்று கைக்குக் கிடைத்தால், ஜூன் 2ஐ முதல் நாளாக எண்ண வேண்டும். 30ஆவது நாள் ஜூலை 1. அன்று அலுவலகம் விடுமுறை என்றால் அடுத்துத் திறக்கும் நாளில் கொடுக்கலாம் என்று அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு இடம் தருகிறது. செய்தியில் ‘ஒரு மாதத்துக்குள்’ என்று சுருக்குவது இங்கே தவறு. 30 நாளும் ஒரு மாதமும் பல மாதங்களில் ஒன்றாக இருப்பதில்லை.

ஆனால் நம் பேச்சு மரபில் நாள் எண்ணும்போது முதல் நாளும் சேரும். ‘மூன்றாம் நாள்’ என்பதும் ‘மூன்று நாள் கழித்து’ என்பதும் ஒன்றல்ல. 10ஆம் தேதிக்கு மூன்றாம் நாள் 12. மூன்று நாள் கழித்து என்றால் 13. மதுரை சித்திரைத் திருவிழாவில் இது கண்கூடு. கொடியேறும் நாளே முதல் நாள். எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம், பதினோராம் நாள் தேர். 2025இல் கொடியேற்றம் ஏப்ரல் 29. திருக்கல்யாணம் மே 8. தேர் மே 9. இதை ‘கொடியேறிப் பத்து நாட்களுக்குப் பின் திருக்கல்யாணம்’ என்று எழுதினால், அதை நம்பி வெளியூரிலிருந்து வருகிறவர் மே 9 அன்று வந்து இறங்குவார். தேரைப் பார்க்கலாம், கல்யாணம் முடிந்திருக்கும். ‘ஆம் நாள்’ என்றால் முதல் நாள் உள்ளே, ‘நாட்களுக்குப் பின்’ என்றால் முதல் நாள் வெளியே. செய்தியாளர்கள் இதை ஒரு தரம் மனத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

இனி, சொல்லுக்குள்ளேயே இருக்கும் சிக்கல். ‘முன்’ இடத்தையும் குறிக்கும், காலத்தையும் குறிக்கும். இது இன்று வந்த பழக்கம் அல்ல. தொல்காப்பியம் ‘பின் முன் கால் கடை வழி இடத்து’ என்று காலம் குறிக்கும் எச்சச் சொற்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் முன், பின், கால், கடை ஆகியவை ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் பட்டியலிலும் இருக்கின்றன. வள்ளுவர் ஒரே குறளில் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டார்: ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’ (435). ‘வருமுன்னர்’ என்பதில் வினையெச்சமாக நின்று காலம். ‘எரிமுன்னர்’ என்பதில் பெயரை அடுத்து நின்று இடம். முன்னால் நிற்கும் சொல் எப்படிப்பட்டது என்பதே பொருளைத் தீர்க்கிறது.

இன்றைய உரைநடையில் இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது நான்காம் வேற்றுமையின் ‘கு’. ‘அமைச்சர் முன் பேசினார்’ என்றால் அமைச்சர் எதிரில் இருந்தார். ‘அமைச்சருக்கு முன் பேசினார்’ என்றால் அமைச்சர் பேசும் முறை அதன் பிறகு வந்தது. ‘நீதிபதி முன் ஆஜரானார்’ என்பதில் ‘கு’ சேர்த்தால் நீதிபதியும் எங்கோ ஆஜராகிவிடுவார். ஆளையும் நிகழ்ச்சியையும் பொறுத்தவரை இது நல்ல அளவுகோல். கட்டடத்துக்கும் தெருவுக்கும் பொருந்தாது. ‘கோயிலுக்கு முன்’ என்றாலும் இடம்தான். எனவே ‘கூட்டத்துக்கு முன் போராட்டம்’ என்று தலைப்பு வைக்கும் உதவி ஆசிரியர், கூட்டம் தொடங்கும் முன்னா, கூடியிருந்தவர்களின் எதிரிலா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ‘கூட்டம் தொடங்குமுன் போராட்டம்’ என்று எழுதினால் சந்தேகம் தீர்ந்தது.

வினையோடு சேரும்போது விதி இன்னும் கறாரானது. ‘முன்’னுக்கு முன் நடக்காத வினை வரும்: வரும் முன், வருமுன், வருவதற்கு முன். ‘பின்’னுக்கும் ‘பிறகு’க்கும் முன் முடிந்த வினை வரும்: வந்த பின், வந்த பிறகு. ‘கற்றபின் நிற்க’, ‘துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’ என்ற குறள் தொடர்களில் இருப்பதும் இதுதான். இறந்தகாலச் செய்தியை எழுதும்போதும் இது மாறாது. ‘அவர் வந்ததற்கு முன் கூட்டம் கலைந்தது’ என்று எழுதுகிறார்கள். அவர் வந்தது பழைய செய்தி என்பதால் வினையையும் இறந்தகாலத்தில் போட்டுவிடுகிறார்கள். கூட்டம் கலைந்த நேரத்தில் அவர் இன்னும் வரவில்லை அல்லவா? ‘அவர் வருவதற்கு முன் கூட்டம் கலைந்தது’ என்பதே சரி. ‘வருவதற்கு முன்’ என்ற இடத்தில் ‘வருவதற்குள்’ என்று போட்டால் பொருளில் ஓர் அவசரம் ஏறிவிடும். ‘தீயணைப்பு வண்டி வருவதற்குள் குடிசைகள் சாம்பலாயின’ என்பதில் வண்டி தாமதம் என்ற குறை ஒட்டிக்கொள்கிறது. அப்படிச் சொல்லத் தகவல் இருந்தால் மட்டும் அந்தச் சொல். ஒற்றையும் சொல்லிவிடுகிறேன்: அதற்கு முன், அதற்குப் பின், அதற்குப் பிறகு. மகரத்துக்கு முன் மிகாது, பகரத்துக்கு முன் மிகும்.

முடிந்த வினை என்ற இந்த விதி மருத்துவப் பக்கத்தில் உடம்பையே தொடுகிறது. சர்க்கரைப் பரிசோதனையில் ‘சாப்பிட்ட பின் 2 மணி நேரம்’ என்று எழுதுகிறோம். ‘சாப்பிட்ட’ என்றால் தமிழில் சாப்பிட்டு முடித்த என்று பொருள். வாசகர் கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணுகிறார். பரிசோதனைக்கு எண்ண வேண்டியதோ முதல் கவளம் வாயில் வைத்த நேரத்திலிருந்து. அரை மணி நேரம் நிதானமாகச் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் எடுப்பது இரண்டரை மணி நேரத்தில் என்றாகும். அதற்குள் அளவு இறங்கத் தொடங்கியிருக்கலாம். ‘சாப்பிடத் தொடங்கியதிலிருந்து 2 மணி நேரம்’ என்று அச்சிட்டால் குழப்பம் இல்லை. வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கு ‘காலை உணவுக்கு முன்’ என்பதும் போதாது. கடைசியாகச் சாப்பிட்டு குறைந்தது 8 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம் என்று சேர்க்க வேண்டும். இரவு 1 மணிக்குப் பால் குடித்தவரும் ‘காலை உணவுக்கு முன்’ தான் ரத்தம் கொடுக்கிறார். தைராய்டு குறைவுக்குத் தரும் லெவோதைராக்சின் மாத்திரையும் அப்படியே: காலை உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன், தண்ணீரோடு. நிமிடம் இல்லாத ‘சாப்பாட்டுக்கு முன்’ என்ற வரியைப் படித்தவர் இலையில் உட்கார்ந்துகொண்டே மாத்திரையைப் போடுவார். உணவோடு சேர்ந்தால் அந்த மருந்து உடலில் சேர்வது குறையும்.

அதே ‘பின்’ தலைப்பில் வந்தால் காரணமாகவும் மாறிவிடுகிறது. ‘ஊசி போட்ட பின் குழந்தை சாவு’ என்ற வரி காலத்தைத்தான் சொல்கிறது என்று நாம் வாதிடலாம். படிக்கிறவர் காரணத்தைத்தான் படிக்கிறார். மறுநாள் கிராமத்துத் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்குப் போகத் தயங்குவார்கள். மரணத்துக்கான காரணம் மருத்துவர்களால் உறுதியாகும் வரை தலைப்பில் ஊசி வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. உள்ளே எழுதும்போதும் ‘போட்டு எத்தனை மணி நேரம் கழித்து’ என்ற எண் இருந்தாக வேண்டும்.

காற்புள்ளியை நாம் அலட்சியமாக நடத்துவதால் வரும் கேடு இது: ‘மருத்துவமனையிலிருந்து திரும்பிய பின் நடந்ததைப் போலீசாரிடம் கூறினார்.’ திரும்பிய பின் கூறினாரா, திரும்பிய பின் நடந்ததைக் கூறினாரா? வழக்கில் இரண்டும் வேறு வேறு வாக்குமூலம். ‘திரும்பிய பின்,’ என்று ஒரு காற்புள்ளி வைத்தால் முதல் பொருள். இரண்டாவது பொருள்தான் வேண்டும் என்றால் ‘திரும்பிய பின் என்ன நடந்தது என்பதை’ என்று பிரித்து எழுத வேண்டும்.

‘முன்னாள்’, ‘முன்னால்’ வேறுபாட்டைப் பலர் சொல்லியாயிற்று. முன் + நாள், அவ்வளவுதான். அதைவிடக் கவனிக்க வேண்டியது, ‘முன்னாள்’ போடக் கூடாத இடம். ‘1959இல் வைகை அணையை முன்னாள் முதல்வர் காமராஜர் திறந்துவைத்தார்’ என்று எழுதினால், 1959இல் அவர் பதவியில் இல்லை என்று ஆகிறது. அவர் 1954 முதல் 1963 வரை முதல்வர். ‘அப்போதைய முதல்வர்’ என்றே இருக்க வேண்டும். ‘முந்தைய’ என்பது வேறு. அது உடனே முன்னால் இருந்தவரை மட்டும் குறிக்கும். ஒருவர் முன்னாள் ஆட்சியராக எத்தனை ஆண்டு கழித்தும் இருக்கலாம். முந்தைய ஆட்சியர் ஒருவர்தான்.

‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்’ என்பது எப்போதும் செய்தி அச்சாகும் நாளிலிருந்து எண்ணப்படும். ‘2018இல் கைதான அவர், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பணிநீக்கம் செய்யப்பட்டார்’ என்றால் கைதுக்குப் பின் நீக்கம். 2016இல் நீக்கம் என்று சொல்ல வந்திருந்தால் ‘அதற்கு’ என்ற ஒரு சொல் கட்டாயம்: ‘அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்’. கொலை, மோசடி வழக்குச் செய்திகளில் இந்த ‘அதற்கு’ விழுந்துபோவதால் ஒருவரின் வாழ்க்கையே தலைகீழாகப் பதிவாகிறது. இணையத்தில் ஏறும் செய்தியில் ‘நேற்று’, ‘நேற்று முன்தினம்’, ‘நாளை மறுநாள்’ ஆகிய மூன்றுக்கும் பக்கத்தில் தேதி இல்லாவிட்டால் இதே நிலைதான். ஆறு மாதம் கழித்து வாட்ஸ்ஆப்பில் சுற்றும்போதும் அது ‘நாளை மறுநாள் பள்ளி விடுமுறை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இலங்கைச் செய்திகளை எடுத்துப் போடும்போது ஒரு சொல்லில் விழிப்பு வேண்டும். அங்கே ‘முன்’ என்ற பொருளில் ‘முதல்’ இயல்பான வழக்கு. ‘இரண்டு வருடத்துக்கு முதல்’, ‘சாப்பிடுவதற்கு முதல்’ என்பார்கள். ‘10ஆம் திகதி முதல்’ என்றால் 10 தொடங்கி. ‘10ஆம் திகதிக்கு முதல்’ என்றால் 10க்கு முந்தி. ஒரு ‘கு’ பொருளைக் கவிழ்க்கிறது. அங்குள்ள வாசகருக்கு இதில் தடுமாற்றம் இல்லை. இங்கே பக்கம் கட்டுகிறவர் அதை எழுத்துப்பிழை என்று நினைத்து ‘கு’வை எடுத்துவிட்டால் ‘10க்கு முந்தி’ என்றது ‘10 தொடங்கி’ என்று அச்சாகிவிடும். நேர்காணலில் பேசியவரின் சொல்லை அப்படியே விடுங்கள். செய்தி நடையில் ‘10ஆம் தேதிக்கு முன்’ என்று மாற்றுங்கள்.

கடைசியாக நள்ளிரவு. ‘14ஆம் தேதி நள்ளிரவு 12 மணி முதல் பேருந்து ஓடாது’ என்ற வரியில் 14 தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? நம் மனக்கணக்கில் விடியும் வரை முந்தைய நாள்தான். வெள்ளி இரவு 1 மணி என்று எல்லோரும் சொல்கிறோம். கடிகாரம் அதைச் சனி என்கிறது. பயணச்சீட்டில் ‘ஜனவரி 14, 00.15’ என்று இருந்தால் 13ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டே நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 14ஆம் தேதி இரவு போகிறவரின் வண்டி முந்தைய இரவே போயிருக்கும். இதற்கு நம்மிடமே அழகான சொல் இருக்கிறது: ‘13ஆம் தேதி இரவு, விடிந்தால் 14’. அதை 00.15 மணியோடு சேர்த்து எழுதுங்கள். தடை, வேலைநிறுத்தம், விலை உயர்வு போன்றவற்றுக்கு ‘13ஆம் தேதி இரவு 12 மணியிலிருந்து, அதாவது 14ஆம் தேதி தொடங்கும் நேரத்திலிருந்து’ என்று ஒரு வரி நீளமானாலும் பரவாயில்லை.

தங்கள் நாளிதழின் உதவி ஆசிரியர்களுக்கு நடைக் கையேடு இருக்கும் என்று நம்புகிறேன். அதில் கெடு, நாள் கணக்கு, நள்ளிரவு ஆகிய மூன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தப் பக்கத்தை ஞாயிறு இதழில் வாசகர்களுக்கும் வெளியிட வேண்டுகிறேன். விண்ணப்ப அறிவிப்புகளை அனுப்பும் அலுவலகங்களும் அதைப் பார்த்துத் தங்கள் வாசகத்தைத் திருத்திக்கொள்ள வழி பிறக்கும்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்தும் வாசகர் ஒருவர்,
மதுரை